ஸ்கேன் கவரின் பின்பக்கம்

உறவினர்கள், தெருக்காரர்கள், அப்பாவோடு வண்டியில் வேலை பார்த்தவர்கள், முகம் தெரியாமலே உதவியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்த அப்பா நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது திண்ணையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அன்று காலையில் கூடவே ஓடிவந்தவர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

பெயர் பெயராக நன்றி சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன், அந்த மனத்தாங்கல் பத்து வருடம் ஓடும். அதனால் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். 108 வண்டியின் ஓட்டுநர், கையில் இருந்ததை எண்ணாமல் எடுத்துக் கொடுத்த சித்தப்பா, பதினாறு நாளும் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட வங்கித் தோழிகள், பக்கத்துக் கட்டிலில் கணவரை வைத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்த அக்கா, எல்லோருக்கும் கைகூப்புகிறேன். ரத்தத்தைத் தேய்த்தால் பக்கவாதம் ஓடிவிடும் என்று உயிரோடு ஒரு புறாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்த பெரியப்பாவுக்கும் நன்றி. அவருடைய அன்பில் எந்தக் குறையும் இல்லை. புறா இப்போது எங்கள் மொட்டைமாடியில் சௌக்கியமாக இருக்கிறது.

பால்காரருக்கு மட்டும் தனியாக ஒரு வரி. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக இவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?” என்பதுதான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பா விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் தெரியும், நன்றாக இருந்த நேரம் யாருக்கும் தெரியவில்லை. பால்காரருக்குப் போன் போட்டோம். “6 மணிக்குப் பால் ஊற்றும்போது சில்லறை இல்லை என்று என்னைத் திட்டினாரே!” என்றார். அந்தத் திட்டில்தான் அப்பாவுக்கு ஊசி கிடைத்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியை, அடைப்பு தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தெரியாவிட்டால் பொதுவாகத் துணிந்து போட மாட்டார்கள். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தம் கசியவில்லை என்றும் உறுதி செய்துகொள்கிறார்கள். பக்கவாதத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அடைப்பினால் வருவது, மீதி கசிவினால் வருவது. கசிவு உள்ளவருக்கு இதே ஊசி எமனாகிவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்பதை எழுதத்தான் இந்த மடல்.

தன் பெயரைப் போடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் அங்கே அழைத்தது போலவே இங்கும் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். இரவுப் பணியில் இருந்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

மூன்றாம் நாள் இரவு. அப்பாவின் கட்டிலில் ‘வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது’ என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய். உதடு வெடித்திருந்தது. அவர் என் பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக நாளுக்கு ஆறு காபி குடித்த மனிதர். ஒரு ஸ்பூன் காபி என்ன செய்துவிடும் என்று தோன்றியது. சுற்றிலும் பார்த்துவிட்டு மூடியில் ஊற்றி, ஆற்றி, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நியாயம்தான். அவரோ ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை எச்சிலை விழுங்குங்கள்” என்றார். விழுங்கினேன். விரலுக்குக் கீழே ஏதோ ஒன்று விருட்டென்று மேலே ஏறி இறங்கியது. முப்பத்தாறு வயது வரை இந்த உடம்போடு இருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை. அடுத்து என் விரலை எடுத்து அப்பாவின் தொண்டையில் வைத்தார். “அப்பா, எச்சில் விழுங்குங்கள்.” அப்பா முயன்றார். நான் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, விரலுக்குக் கீழே லேசாக ஓர் அசைவு. ஏறவே இல்லை, ஏற நினைத்ததோடு சரி.

கட்டிலுக்கடியில் இருந்த ஸ்கேன் கவரை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு குழாய் வரைந்தார். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். “மூக்கு மேலே பின்னால் இருக்கிறது, அதன் குழாய் கீழே முன்னால் இருக்கிறது. வாய் முன்னால் இருக்கிறது, சோற்றுக்குழாய் பின்னால் இருக்கிறது. ஆக, காற்றும் சோறும் தொண்டையில் குறுக்கே கடந்துதான் போயாக வேண்டும். லெவல் கிராசிங் மாதிரி.” நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே ஏறுகிறது, அதன் மூடி மடங்கி மூச்சுவழியை அடைக்கிறது, அந்த ஒரு கணம் மூச்சு நிற்கிறது. சோறு போனதும் கேட் திறக்கிறது. “அப்பாவின் கேட்கீப்பருக்கு இப்போது மணி காதில் விழவில்லை. உங்கள் காபி நேராக நுரையீரலுக்குப் போயிருக்கும்.” இருமிவிட்டிருப்பாரே என்றேன். இருமக்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு, நிமோனியா வந்த பிறகுதான் தெரியும் என்றார். போகும்போது, பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிடும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

காபியைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பகல் பணிக்கு வந்தவர்களிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இரவு மருந்து கொடுத்து முடித்து, இரண்டு மணிவாக்கில் வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்பா என்ன வேலை பார்த்தார்?” அரசு பஸ் கண்டக்டர், மதுரை–திருச்சி வழித்தடம் என்றேன். “அப்படியென்றால் பஸ்ஸிலேயே போகலாம்” என்று கவரை எடுத்தார்.

புறப்படும் இடம் இதயத்தின் இடது மேலறையான ஆரிக்கிள். அப்பாவின் ஆரிக்கிள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் ஓரத்தில் பை போல ஒரு மூலை உண்டு. நடுக்கத்தில் அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கு ஒன்று அங்கிருந்து கிளம்பி, இடது கீழறையான வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, கழுத்துத் தமனி என்று ஸ்டேஜ் ஸ்டேஜாக ஏறி மூளைக்குள் போயிருக்கிறது. போகப் போகச் சாலை குறுகுகிறது. மூளையின் நடுத்தமனியில் வண்டி சிக்கிக்கொண்டது. மூளையின் அடியில் ஒரு ரிங் ரோடு இருக்கிறதாம். கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என்று மேலே ஏறும் நான்கு தமனிகளையும் அந்த வளையம் இணைக்கிறது. 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே வில்லிஸ் வளையம் என்கிறார்கள். ஒரு தமனி அடைத்தாலும் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கும். ஆனால் அப்பாவின் வண்டி நின்றது ரிங் ரோட்டைத் தாண்டி ஊருக்குள் நுழைந்த பிறகு.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மருத்துவ முகாமில், “நாடி ஒழுங்கில்லாமல் அடிக்கிறது, ஈசிஜி எடுத்துப் பாருங்கள்” என்று அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு பீரோவில் இருக்கிறது. இதில் வேறு யார் மீதும் பழி போட எனக்கு இடமில்லை.

பத்தாம் வகுப்பில் இதயத்தின் படத்தை நானும் வரைந்திருக்கிறேன். சிவப்புக்கும் நீலத்துக்கும் பென்சில் சீவி, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கினேன். அந்தப் படம் எதிரே உட்கார்ந்து டிக்கெட் கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்த மனிதரின் மார்புக்குள் இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், உடம்புக்கு வரும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது என்பதைக்கூட மனப்பாடம் செய்திருப்பேன். பெரிய தமனி ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்களாம். ஆட்டோவா 108ஆ என்று நாங்கள் வாசலில் நின்று விவாதித்த நிமிடங்களை இப்போது அந்த எண்ணால் பெருக்கிப் பார்க்கிறேன்.

பிறகு என் முட்டாள்தனமான கேள்விகள். கை விழுந்தது வலப்பக்கம், டாக்டர்கள் இடது மூளை என்கிறார்களே, படத்தை மாற்றி எடுத்துவிட்டார்களா? சிஸ்டர் சிரிக்கவில்லை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறிக்கொள்கின்றன என்று பெருக்கல் குறி ஒன்று போட்டார். அப்பாவைப் புருவத்தை உயர்த்தச் சொன்னார். கோணிய வாய்க்கு மேலே நெற்றியில் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகக் கோடுகள் விழுந்தன. நெற்றிக்கு இரண்டு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருகிறது, ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பார்த்துக்கொள்ளும் என்றார். கால் முதலில் தேறும், கைதான் நாளாகும் என்றும் அன்றே சொன்னார். கைக்கும் முகத்துக்குமான இடம் அடைபட்ட தமனியின் பகுதியில் இருக்கிறது. காலுக்கான இடமோ இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் பாய்ச்சுவது வேறு வாய்க்கால். அவர் சொன்னபடியே அப்பா இப்போது பிடித்துக்கொண்டு நாலடி வைக்கிறார். வலது கை இன்னும் மடியில் கிடக்கிறது.

பேச்சுதான் என்னை உடைத்தது. ஊசிக்குப் பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. “ரைட்.” தண்ணீர் வேண்டும் என்றாலும் ரைட், வலிக்கிறது என்றாலும் ரைட், அம்மாவைப் பார்த்து அழும்போதும் ரைட். வார்டில் சில பேர் சிரித்தார்கள். நான் வராந்தாவில் போய் நின்றேன். சிஸ்டர் வந்து, நாம் பேசுவதெல்லாம் அப்பாவுக்குப் புரிகிறது, எதிரே வைத்துக்கொண்டு குழந்தையிடம் பேசுவது போலப் பேசாதீர்கள் என்றார். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ‘டான்’ என்ற ஓர் ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவர் இருந்தார். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. பேச்சைக் கோக்கும் இடம் எது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த ஒற்றை ஒலிக்காரரால்தான். “அப்பாவுக்கு ரைட் மிஞ்சியதில் ஆச்சரியமில்லை அக்கா. நாற்பது வருடம் சொன்ன சொல், யோசிக்காமலே வரும். யோசித்துச் சொல்வது ஒரு வழி, பழக்கத்தில் வருவது வேறு வழி. அவருக்கு ஸ்டாப் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும்தானே?”

அவர் அப்பாவின் காதருகே குனிந்து, மெதுவாக, “மாட்டுத்தாவணி…” என்றார்.

அப்பா அவரையே பார்த்தார். உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது. “மேலூர்” என்றார். சற்றுப் பொறுத்து, “கொட்டாம்பட்டி.” அதற்கு மேல் வரவில்லை. அடுத்து என்ன என்று தெரிந்தும் நாக்கு கிடைக்காத எரிச்சல் முகத்தில் தெரிந்தது. இடது கையால் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டியைக் கிளப்பச் சொல்லும்போது அப்படித்தான் தட்டுவார்.

இதை ஒரு மருத்துவமனைச் சேவை என்று எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள். நாற்பது கட்டில்களை இருவர் பார்த்துக்கொள்ளும் இரவில், தான் சற்றுக் கண்ணயரக்கூடிய அரைமணி நேரத்தை எனக்குக் கொடுத்தார். பயந்து கிடந்தவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம், அது சுலபம், எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் எனக்கு அப்பாவின் உடம்பைக் காட்டினார். எங்கே என்ன அறுந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு பயம் போய்விடவில்லை. ஆனால் கைக்கு வேலை வந்தது. தொங்கும் தோளுக்கு ஏன் தலையணை வைக்க வேண்டும், அந்தக் கையைப் பிடித்து ஏன் இழுத்துத் தூக்கக் கூடாது என்று இப்போது வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கையைப் பிடித்து நாடி பார்க்காமல் காபி கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தாறுமாறாக அடித்தால் நானே ஈசிஜிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வாய் கோணினால், கை சரிந்தால், பேச்சு குழறினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வராதீர்கள்.

சிஸ்டர், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசி வாரம் உங்களை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், சொல்லிக்கொள்ள முடியவில்லை. விரல்களுக்கான நரம்பை வரைகிறேன் என்று நீங்கள் விட்டுவைத்த மூலை கவரில் காலியாகவே இருக்கிறது. பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வருகிறேன். காபியைக் கெட்டியாக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை இறக்கி, ஒவ்வொரு ஸ்பூனாகக் குடிக்கிறார். குடிக்கும்போது அம்மா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் துவரங்குறிச்சி வந்துவிட்டது. விராலிமலைக்கு வாய் திறந்தார், வரவில்லை. ஸ்பூனால் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டினார்.