ஒப்பந்தப்புள்ளி அளிக்கத் தவறியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ஒப்பந்தப்புள்ளி ஆலோசனைப் பிரிவு.

பொருள்: கட்டணத்தையும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் (இணையத்தில் கையொப்பமிட உதவும் சிறு யூஎஸ்பி கருவி) திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

கோவையில் இரும்பு மேசை, பெஞ்சு செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். நகராட்சிப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 42 லட்சம் ரூபாய்க்குப் பெஞ்சுகள் வழங்கும் மின்னணு ஒப்பந்தப்புள்ளியை என் சார்பில் அளிப்பதற்காக, வரி உட்பட 11,800 ரூபாயைத் தாங்கள் பெற்றுக்கொண்டீர்கள்.

இது இரு உறை முறையிலான ஒப்பந்தப்புள்ளி. முதலில் தொழில்நுட்ப உறையைத் திறந்து பதிவுச் சான்று, முன் அனுபவம், பிணையாகச் செலுத்தும் முன்வைப்புத் தொகை ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள் என்றும், அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பின்னர் திறப்பார்கள் என்றும் எனக்கு விளக்கியவரே தங்கள் ஊழியர்தான். ஆனால் இவ்விரண்டுக்கும் முந்தைய படியில் அவரே கோட்டை விட்டுவிட்டார். ஆவணங்களையும் விலைப்பட்டியலையும் பதிவேற்றினால் மட்டும் போதாது. இறுதியாக 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தி, எண்ணுடன் கூடிய ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் ஒப்பந்தப்புள்ளி அளிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அந்தச் சீட்டை நான் மூன்று முறை கேட்டும், பதிவேற்றத் திரையின் படம் மட்டுமே எனக்கு வந்தது.

அதன்பின் மூன்று வாரங்கள், "தொழில்நுட்ப மதிப்பீடு நடக்கிறது" என்றே தொலைபேசியில் சொல்லி வந்தார்கள். இணையதளத்தில் வெளியான பங்கேற்பாளர் பட்டியலில் என் பட்டறையின் பெயரே இல்லை என்பதை நானே தேடிப் பார்த்துத்தான் அறிந்தேன். தவறு நேர்வது இயல்பு. நடக்காத மதிப்பீட்டை நடப்பதாகச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

இதற்குத் தங்கள் அலுவலகம் தந்த பதில், மேல்முறையீடு செய்யலாம் என்பது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அந்த உரிமையை, 10 நாட்களுக்குள், ஒப்பந்தப்புள்ளி அளித்தவருக்கே வழங்குகிறது. தங்கள் புண்ணியத்தில் நான் ஒப்பந்தப்புள்ளியே அளிக்கவில்லையே.

டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் பிறர் கையில் ஒப்படைத்தது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கட்டணம் முழுவதையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருவதுடன், நடந்ததை எழுத்துமூலம் விளக்கவும் கோருகிறேன். டோக்கனைக் கூரியரில் அனுப்ப வேண்டாம். நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கோவை.