மீன் டெஸ்ட் ரிசல்ட்ட மார்க்கெட்லயே எழுதிப் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். மீன் மார்க்கெட்ல ரெய்டு, கெட்டுப்போன மீன் பறிமுதல்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, ரெய்டு வேணும்தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா எந்த மார்க்கெட், எத்தன கடை, மத்த கடைங்க மீன் நல்லாருந்துச்சானு ஒரு வரி இல்லாததால எங்க ஏரியா ஜனம் மொத்தமா சிக்கனுக்கு மாறிடுச்சு. எங்க தெருவுக்கு காசிமேட்டுல ஏலம் எடுத்துட்டு வர்ற அக்கா, செவுள தூக்கி காட்டி "பாரும்மா, ரத்தமா இருக்கு"ன்னு கெஞ்சுது, ஒருத்தரும் வாங்கல, சாயங்காலம் சங்கராவ பாதி வெலைக்கு தள்ளிட்டு போச்சு. 2018 ஜூலைல, மீன் கெடாம இருக்க பார்மலின்ங்கிற கெமிக்கல் போடுறாங்கனு நியூஸ் வந்தப்பவும் இதே கததான், கொஞ்ச நாள் பயம், அப்புறம் எல்லாம் மறந்துட்டு எந்த கடைனாலும் ஓகே!

செவுளு, கண்ணு பாத்து மீன் புதுசானு ஓரளவு சொல்லலாம், பார்மலின் இருக்கானு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. அதுக்கு கொச்சில இருக்குற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் 2018லயே பேப்பர் ஸ்ட்ரிப் கிட் கொண்டுவந்துடுச்சு, மீன் மேல தேய்ச்சு மருந்து ஒரு சொட்டு விட்டா கலர் மாறுறத வெச்சு சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். உணவு பாதுகாப்புத் துறை அத காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல தெனமும் காலைல செஞ்சு, ரிசல்ட்ட வாசல்லயே போர்டுல எழுதிப் போடட்டும், தப்பு பண்ண கடை நம்பரோட.

- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை