தமிழ்ப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்குக் கிரியோல் தடுமாறுவது ஏன்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தமிழ் வீட்டுப்பாடம் முடித்து எழும் பிள்ளைக்கு, நாம் அன்றாடம் பேசும் கிரியோல் மொழியின் சொல்கூட உடனே வருவதில்லை என்றும், மொழிகள் ஒன்றையொன்று குழப்புகின்றனவா என்றும் பலர் கேட்கிறீர்கள். அது குழப்பம் இல்லை. வீட்டில் கிரியோல், பாடநூலில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, தமிழ் வகுப்பில் தமிழ் என்று வளரும் மொரீஷியஸ் பிள்ளைக்கு இது எதிர்பார்க்க வேண்டிய தாமதம்தான்.

இரண்டு மொழி தெரிந்தவர் பேசும்போது பேசாத மொழியும் மனதில் விழித்தே இருக்கிறது. தமிழில் 'மூன்று' என்று சொல்ல, முந்திக்கொண்டு வரும் கிரியோல் சொல்லான 'த்ருவா'வை அடக்க வேண்டும். பழகிய மொழியை அடக்க அதிக முயற்சி தேவை. அந்தப் பிடி தளரவும் நேரமாகும். 1999இல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எண்களைச் சொல்லச் செய்து இதை அளந்தார்கள். பலவீனமான மொழிக்கு மாறுவதைவிட, வலுவான மொழிக்குத் திரும்புவதில்தான் தாமதம் கூடுதலாக இருந்தது. இரு மொழியிலும் சரளமானவர்களிடம் இந்த வேறுபாடு மறைவதை 2004இல் பார்சிலோனாவில் காஸ்டா, சாண்டெஸ்டெபன் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நீங்களே பார்க்கலாம். 1 முதல் 9 வரை நீலத்தாளில் ஒன்பது அட்டை, மஞ்சள்தாளில் ஒன்பது அட்டை. நீலத்துக்குத் தமிழ், மஞ்சளுக்குக் கிரியோல். முதலில் நீலக்கட்டு மட்டும், பிறகு மஞ்சள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியில் நேரம் பாருங்கள். பின்பு பதினெட்டையும் நன்றாகக் கலைத்துப் போட்டு ஓட்டுங்கள். கலந்த கட்டின் நேரம் முதல் இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரும்பாலும் கூடும். நீலம், மஞ்சள் என்று மாறிமாறி அடுக்கிவிடாதீர்கள். அடுத்தது எது என்று பிள்ளை முன்பே தயாராகிவிடும். நடுவில் திருத்தினாலும் நேரம் கெட்டுப்போகும். தமிழ் எண்கள் தடங்கலின்றி வராத பிள்ளைக்கு இதைச் செய்யவே வேண்டாம்: அங்கே அளக்கப்படுவது மொழி மாறும் தாமதம் அல்ல, தெரியாமைதான்.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். கேள்வி புரியவில்லையென்றால் தொடங்குமுன் கிரியோலில் விளக்குங்கள், தவறே இல்லை. தொடங்கியபின் இருபது நிமிடம் தமிழிலேயே விடுங்கள். வரிக்கு வரி 'இதற்குக் கிரியோலில் என்ன?' என்று கேட்டால் ஒவ்வொரு வரியிலும் மொழி மாறும் சுமை ஏறும். முடித்தவுடன் ஆங்கிலக் கணக்கைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விளையாடவிடுங்கள். தமிழ் வாக்கியத்தில் பிள்ளை தண்ணீருக்குக் கிரியோலில் 'டிலோ' என்று சொன்னால் நிறுத்தாதீர்கள், 'தண்ணீர் வேண்டுமா?' என்று முழு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னால் போதும். சாப்பாட்டு மேசையில் கலந்து பேசுவது கெடுதல் அல்ல. அங்கே முந்தி வரும் சொல்லைச் சொல்லிவிடலாம், அடக்கும் வேலையும் குறைவு. தேவாரம் மனப்பாடமாகப் பாடுவதும் அப்படித்தான்: உச்சரிப்புக்கு அருமையான பயிற்சி, ஆனால் சொல்லைத் தேடியெடுக்கும் பயிற்சி ஆகாது.

இரு மொழி கற்றால் கவனமும் மனக்கட்டுப்பாடும் கூடும் என்று உங்களிடம் யாராவது உறுதி சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2004இல் உளவியலாளர் எலன் பியாலிஸ்டாக்கின் குழு அப்படியொரு பயனைக் கண்டது உண்மை. ஆனால் 2018இல் பெரியவர்களைப் பற்றிய 152 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது உறுதியான பயன் தெரியவில்லை. தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும்படி நான் கேட்பது தமிழ் படிக்கவும் பேசவும் வருவதற்காகத்தான்.

அட்டைகளை ஓட்டிப் பார்த்தவர்கள் மூன்று நேரங்களையும் ஒரு தாளில் குறித்துத் தமிழாசிரியரிடம் கொடுங்கள். அடுத்த பருவத்தில் அதே அட்டைகளால் மறுபடி அளந்து ஒப்பிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்