கதைக்கு 20 நிமிடம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழாவை ஒட்டிக் கதைசொல்லலுக்கென்றே ஒரு விழா நடத்தினால் நல்லதுதான். ஆனால் ஆடல் பாடலுக்குப் போட்ட மேடையிலேயே, இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவில் 20 நிமிடம் ஒதுக்குவதானால் வேண்டவே வேண்டாம்.

பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றிய கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து முழுதாகப் பாட 18 இரவு ஆகும். 20 நிமிடத்தில் காப்பு என்கிற தொடக்க வணக்கம் பாடி, சாமிகளைக் கூப்பிட்டு முடிக்கலாம், கதை தொடங்காது. தெருக்கூத்தில் கிரீடம், தோள் அணி போன்ற மரக்கட்டை அணிகளைக் கட்டி அரிதாரம் பூசவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி, வந்திருப்பது யார் என்று கோமாளியாக வரும் கட்டியங்காரன் விசாரித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். குழுவுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். அண்ணன்மார் கதையில் பன்றி வேட்டை மட்டும், வீரர்கள் மடிகிற படுகளம் மட்டும் என்று முன்னமே பேசிக்கொண்டால் அவர்களே அளவாக வெட்டிக்கொள்வார்கள். பாதியில் 'முடியுங்கள்' என்று சீட்டு அனுப்பினால்தான் கதை குலைகிறது.

பெரும்பாலும் கெடுப்பது மைக்தான். கச்சேரிக்கு வைத்த எக்கோவை அப்படியே விட்டால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின்மேல் ஏறி ஒன்றும் புரியாது. அதை அறவே குறைக்கச் சொல்லுங்கள். உடுக்கைக்குத் தனி மைக் எதற்கு? கதைக்காரரின் மைக்கே அதையும் இழுத்துக்கொள்ளும். மிச்சமான மைக்கைப் பின்பாட்டுக்காரருக்கு வையுங்கள், "ஆமா, அப்புறம்?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தால் கூட்டமும் கூடவே கேட்கும். ஜெனரேட்டர் 50 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மலையில் இன்னொரு தொல்லை உண்டு. சாயங்கால மழைக்குப் பிறகு மேகம் இறங்கினால் வாத்தியத் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். உடுக்கையை இடைக்கயிற்றை இறுக்கிச் சமாளிக்கலாம். பறைக்கு நெருப்பு காட்டித்தான் ஆக வேண்டும். ஒரு கட்டு வைக்கோலும், காய்ச்ச ஓர் ஓரமும், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் போதும்.

கொண்டை ஊசி வளைவுகள் 20 தாண்டி நள்ளிரவில் சனங்களைச் சேலத்துக்கு இறக்க முடியாது. எனவே மலையில் பிற்பகல் 3 மணிக்கு, கூரைக்கடியில் தொடங்கி இருட்டுமுன் முடிக்கலாம். விடியவிடியக் கூத்து கீழே சேலத்தில் நடக்கட்டும்.

கதை சொல்லும் சேர்வராயன் மலை மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களை மேடையேற்றாதீர்கள். ஜமுக்காளம் விரித்து, எதிரே 'உம்' கொட்ட அவர்கள் ஊர்க்காரர் ஒருவரை உட்கார வையுங்கள். முன்வரிசையில் சோபா போட்டால் அவர்கள் வாய் திறப்பது சந்தேகம். தங்கள் முன்னோராகிய, காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மலைக்கு ஒருவராகப் பிரிந்த கதையை ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். நடுவர் வைத்து எது சரி என்று பரிசு கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும், வண்டி வாடகை தனி. காசோலைக்காக ஒரு கூத்துக்காரரை மூன்று மாதம் அலையவிட்டால் அடுத்த வருடம் அவர் வரமாட்டார்.

இப்படிக்கு,
கூத்து ரசிகர்கள் சிலர்,
சேலம்.