மயிலின் கழுத்தும் மெலிந்த தாளும்: கைவேலை இதழுக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் சந்தாதாரர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
கைவேலை மாத இதழ் அலுவலகம், சென்னை.

பொருள்: இதழின் காகிதத் தரம் குறைந்தது தொடர்பான புகார்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 1998-ஆம் ஆண்டு முதல் தங்கள் இதழின் சந்தாதாரர் நான். இடையில் ஒரே ஒரு முறை, மாமியார் படுக்கையில் இருந்த ஆண்டு, சந்தாவைப் புதுப்பிக்க மறந்து நான்கு இதழ்கள் விட்டுப்போயின. அவற்றையும் பிறகு மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிச் சேர்த்தேன். இதற்கு முன் தங்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். மூன்றும் பாராட்டுக் கடிதங்கள். இது புகார்.

கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் இதழின் தாள் மெலிந்துகொண்டே வருகிறது. மெலிந்தது மட்டுமல்ல, ரகமே மாறிவிட்டது. முன்பு வந்தது வெள்ளை மேப்லித்தோ, அதாவது நல்ல புத்தகங்கள் அச்சடிக்கும் வழவழப்பான தாள். இப்போது வருவது செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதம். இதைப் பற்றி இதழில் ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. விலை மட்டும் இரண்டு முறை ஏறியது.

கதைப் பத்திரிகையாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கதையை எந்தத் தாளிலும் படித்துவிடலாம். தங்கள் இதழை நாங்கள் படித்துவிட்டு மூடி வைப்பதில்லை. மடியில் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். தச்சருக்கு முழக்கோல் எப்படியோ, தையல் போடுகிறவளுக்குக் கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணிப் போடும் கட்டப் படம் அப்படி. முழக்கோலில் அளவுக்கோடு தப்பாக விழுந்திருந்தால் மரம் வீணாகும். எங்களுக்குத் துணியும் நூலும் உழைப்பும் வீணாகின்றன. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வளவுப் பத்தியில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், சனி, ஞாயிறு பிற்பகல்களில் ஏழு பெண்கள் எம்பிராய்டரி கற்றுக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது. மேட்டித் துணியும் நூலும் அவரவர் கொண்டுவர வேண்டும். படங்கள் மட்டும் தங்கள் இதழிலிருந்து நான் எடுத்துக் கொடுப்பவை. அவர்களில் ஒருத்தி, கல்லூரியில் முதலாண்டு படிப்பவள், அக்காவின் கல்யாணத்துக்குத் தலையணை உறை தைக்க வேண்டும் என்று மார்ச் இதழில் வந்த மயிலைத் தேர்ந்தெடுத்தாள். அகலம் 96 கட்டம், உயரம் 128 கட்டம். மிக அழகான படம். அதை வரைந்தவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் பாராட்டை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

கிராஸ் ஸ்டிச் படத்தில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். எண்ணுகிறவளின் கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். இந்த மயிலுக்குப் பின்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம். விளம்பரத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. தாள் மெலிந்திருப்பதால் அந்தக் கரை முன்பக்கம் நிழலடித்து, நாற்பதாவது கட்டத்துக்கு மூன்று கட்டம் தள்ளிச் செங்குத்தாக ஒரு கோடு போல நிற்கிறது. தங்கள் பத்தாவது கோடு எவ்வளவு கறுப்போ, ஏறத்தாழ அவ்வளவு கறுப்பு. இரவு விளக்கில் அந்தப் பெண் அதையே பத்தாவது கோடாக எடுத்துக்கொண்டாள். 71-ஆவது வரிசையிலிருந்து மயிலின் கழுத்து உடம்பை விட்டு மூன்று கட்டம் வலப்புறம் நகர்ந்துவிட்டது. கொண்டை வரை அப்படியே ஏறிப் போயிருக்கிறது. ஒன்பது இரவு வேலை.

“நான் சரியாகத்தான் எண்ணினேன் ஆச்சி, நீங்களே எண்ணிப் பாருங்கள்” என்று சொல்லி இதழை என் கையில் கொடுத்தாள். எண்ணினேன். எனக்கும் அவள் எண்ணிய மாதிரியே வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். அப்போதும் அதே கணக்கு. கடைசியில் தாளை வளவு வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தபோதுதான், மயிலின் தோகைக்குள் ‘சேதாரம்’ என்ற சொல் இடவலம் மாறித் தெரிந்தது. அதன் பிறகுதான் அந்தக் கோடு படத்தைச் சேர்ந்தது இல்லை என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. முப்பது ஆண்டுகளாக ஊசி பிடிக்கிற எனக்கே அப்படியென்றால், மூன்று மாதமாகக் கற்கிறவளை என்ன சொல்ல முடியும்? அவள் அழவில்லை. ஆனால் அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை.

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. மார்கழி இதழில் வந்த ஊடு புள்ளி 15-8 கோலத்தில், பின்பக்கத்துச் சமையல் குறிப்பின் எழுத்துகள் புள்ளிகளோடு கலந்து, எது புள்ளி, எது எழுத்து என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் பக்கத்து நடுவீட்டுக் கோலம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். அதை மணி வேலைக்கு மாற்றலாம் என்று கார்பன் தாள் வைத்துப் படியெடுக்க உட்கார்ந்தேன். பென்சில் முனை நான்காவது வளைவிலேயே தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. நடுப்பக்கத்தைக் கம்பிப் பின்னோடு விரித்தால், அந்தப் பின் இருக்கும் இடத்தில் தாள் பிய்ந்து கையோடு வருகிறது. மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தித்தாள் அச்சு மை காகிதத்துக்குள் ஊறித்தான் அடங்கும். மேலே உலர்ந்து கெட்டியாவதில்லை. சித்திரை வெயிலில் வியர்த்த விரலால் படத்தில் வரிசையைத் தொட்டு எண்ணிவிட்டு அதே விரலால் வெள்ளைத் துணியைப் பிடித்தால், துணியில் சாம்பல் தடம். சோப்புப் போட்டால் அது இன்னும் பரவுகிறது.

வெறும் கைப்பழக்கத்தை வைத்துப் புகார் சொல்லக் கூடாது என்று எடை போட்டும் பார்த்தேன். தங்கள் இதழின் தாள் 21 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். பத்துத் தாள்கள் சேர்ந்தால் 5,880 சதுர செ.மீ. 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் இதழில் பத்துத் தாள்களையும் இந்த மார்ச் இதழில் பத்துத் தாள்களையும் பிரித்து எடுத்துக்கொண்டு, நகைப்பட்டறை ஆசாரியிடம் போய் அவருடைய மின்தராசில் வைக்கச் சொன்னேன். பழையது 41.2 கிராம். புதியது 28.8 கிராம். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் (ஜிஎஸ்எம்) என்று கணக்குப் போட்டால் அன்றைய தாள் 70 ஜிஎஸ்எம், இன்றைய தாள் 49. நூற்றுக்கு முப்பது பங்கு காகிதம் காணவில்லை. பக்க எண்ணிக்கை குறையாததால் கடையில் புரட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரியாது. எண்ணெய்ப் போத்தலில் அளவு எவ்வளவு என்று எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இதழில் தாளைக் குறைத்தால் வாசகரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தங்கள் தரப்புச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதிச் செய்தித்தாள் காகிதத்துக்கும், இதழ்கள் அச்சாகும் பூச்சுத் தாளுக்கும் 10 விழுக்காடு சுங்க வரி போட்டார்கள். 2020 பிப்ரவரியில் அதை 5 ஆகக் குறைத்தார்கள். அடுத்து வந்த கொரோனா காலத்தில் விளம்பரம் படுத்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு வெளிநாட்டுத் தாளின் விலை ஏறியது. எத்தனையோ இதழ்கள் நின்றுபோன காலத்தில் தங்கள் இதழ் நிற்காமல் வந்ததற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்குகிறவரிடம் சொல்லி விலையை ஏற்றலாம். தாங்கள் விலையையும் ஏற்றி, சொல்லாமல் பொருளையும் குறைத்துவிட்டீர்கள். இரண்டில் ஒன்றுதான் நியாயம்.

நல்ல தாளுக்குக் கடல் தாண்டவும் வேண்டாம். தமிழக அரசு தொடங்கிய டிஎன்பிஎல் காகித ஆலை கரூர் பக்கத்தில் காகிதபுரத்தில் 1984 முதல் ஓடுகிறது. கரும்புச் சக்கையிலிருந்து எழுதவும் அச்சிடவும் தாள் செய்கிறார்கள்.

பிப்ரவரியில் தங்கள் சந்தாப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். “இப்போது எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் வருகிறது, மேடம். படம் சரியாகத் தெரியவில்லை என்றால் செல்போனில் எங்கள் மின்னிதழைப் பாருங்கள்” என்றார். அவர் மேல் வருத்தம் இல்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். அதைச் சொல்லிக் கொடுத்தவரிடம் கேட்கிறேன்: ஒரு கையில் துணி, ஒரு கையில் ஊசி, மூன்றாவது கைக்கு எங்கே போவோம்? நிமிடத்துக்கு ஒரு முறை திரை அணைந்துபோகும். விரலால் பெரிதாக்கினால் 96 கட்டத்தில் இருபது கட்டம்தான் கண்ணில் படும். மீதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தைத்து முடித்த கட்டத்தைப் பென்சிலால் அடித்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். கண்ணாடித் திரையில் எதை அடிப்பது? என்னிடம் வரும் ஏழு பெண்களில் நான்கு பேர் வீட்டில் ஒரே ஒரு செல்போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. தங்கள் இதழ்களை ஆண்டுவாரியாகத் தைத்து, தேக்குப் பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்றும் வெள்ளையாக இருக்கிறது. போன ஆண்டு இதழ்கள் அதற்குள் ஓரம் பழுத்துவிட்டன. செய்தித்தாள் காகிதத்தில் மரத்தை அப்படியே அரைத்துச் சேர்க்கிறார்கள். மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் போகாமல் தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் மஞ்சளாகும், பிறகு நொறுங்கும். இதே பெட்டியில் என் மாமனாரின் தகப்பனார் பர்மாவில் உள்ள மௌல்மீனில் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடு ஒன்று இருக்கிறது. 1929-ஆம் ஆண்டுக் கணக்கு. தாளைப் புரட்டினால் இன்றும் சத்தம் கேட்கிறது. நேற்று வந்த இதழ் அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாதபடி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் உள்ள கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா அவர்கள் பழைய நூல்களையும் இதழ்களையும் துண்டு நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய், 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பெண்கள் என்ன படித்தார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று அங்கே போகிறார்கள். நம் காலத்துப் பெண்கள் என்ன தைத்தார்கள், எந்தக் கோலம் போட்டார்கள் என்று நாளை ஒருவர் தேடி வந்தால், அவர் கையில் தங்கள் இதழ் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இந்தத் தாளில் அச்சானால் அதுவரை இருக்காது.

என் கோரிக்கை பெரியதல்ல. இதழ் முழுவதையும் நல்ல தாளில் அடிக்கச் சொல்லவில்லை. பேட்டி, சமையல், வாசகர் கடிதம், விளம்பரம் எல்லாம் இப்போதைய தாளிலேயே இருக்கட்டும். கட்டப் படங்களும் கோலங்களும் வரும் நடுப்பகுதி, அதாவது எட்டுத் தாள், 16 பக்கம், ஒரே ஒரு ஃபாரம். அதை மட்டும் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் அடியுங்கள். அதில் படத்துக்குப் பின்னால் விளம்பரம் வேண்டாம். படத்தின் விளக்கத்தையோ நூல் நிற அட்டவணையையோ மெல்லிய எழுத்தில் போடுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பிரதிக்குக் கூடுகிற காகிதம் 10 கிராம்கூட வரவில்லை. தாளின் ரக வித்தியாசம், கழிவு எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட்டு, பிரதிக்கு 5 ரூபாய் கூட்டுங்கள். எங்கள் வளவில் உட்காரும் ஏழு பேர் வீட்டிலும் கேட்டுவிட்டேன், தருகிறோம் என்றார்கள். தாளின் ஜிஎஸ்எம் எவ்வளவு என்பதை உள்ளட்டையில், விலைக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். மார்ச் இதழின் மயில் படத்தை நல்ல தாளில் தனியாக அடித்து, கேட்கும் சந்தாதாரர்களுக்கு அனுப்புங்கள். அந்தப் படத்தை நம்பித் துணியை எடுத்தவள் இந்தப் பெண் ஒருத்தியாக மட்டும் இருக்க முடியாது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசச் சொல்லி என் மகன் சொல்கிறான். இத்தனை ஆண்டு உறவில் முதலில் தங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வேண்டும். சந்தா ஜூலையில் முடிகிறது. பதிலைப் பார்த்த பிறகே புதுப்பிப்பதா என்று முடிவு செய்வேன்.

இத்துடன் 2011 ஏப்ரல் இதழின் ஒரு தாளும், மார்ச் இதழின் மயில் தாளும், அந்தப் பெண் தைத்த துணியும் வைத்திருக்கிறேன். இரண்டு தாள்களையும் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துணியில் 71-ஆவது வரிசைக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன்; அங்கிருந்து மேலே பார்த்தால் கழுத்து எப்படி விலகியிருக்கிறது என்று தெரியும். பார்த்தபின் துணியை மட்டும் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். விலாசம் எழுதி அஞ்சல் தலை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்திருக்கிறேன். வைகாசியில் கல்யாணம். கழுத்தைப் பிரித்து மறுபடியும் தைக்க எங்களுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கானாடுகாத்தான்.