சிங்கத் தூணின் பாடத்தில் விடுபட்டவை

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நாட்டின் சின்னம், காசிக்கு அருகே சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சிங்கத்தலை. அதைச் சொல்லும் பாடம், அசோகர் பெயரைச் சொன்னதும், அது சின்னமான 1950 ஜனவரி 26-க்கு நேரே தாவிவிடுகிறது. நடுவே அந்தச் சிங்கங்கள் மண்ணுக்குள் கிடந்தன. அவற்றை வெளியே எடுத்த வேலையையும் பாடத்தில் சேருங்கள்.

1794-இல் காசி மன்னரின் திவான் ஜகத் சிங், கட்டடம் கட்டச் செங்கல் வேண்டி சாரநாத்தில் பௌத்த நினைவு மேடான தர்மராஜிக ஸ்தூபத்தைப் பிரித்தெடுத்தார். உள்ளே கல்பேழையில் இருந்த எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. அந்த ஸ்தூபத்தில் இன்று மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே. செய்தியைக் காசியில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜோனதன் டங்கன் எழுதி வைத்ததால்தான் இடத்தின் மீது அறிஞர் கண் விழுந்தது. 1835-36-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்காம் தோண்டினார். பின்னாளில் அங்கிருந்த சிலைகள் பல, வருணை ஆற்றுப் பாலத்துக்கு அரணாக ஆற்றில் போடப்பட்டன. அதைச் செய்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். செங்கல் திருட்டை மட்டும் சொல்லி இதை விட்டுவிடாதீர்கள்.

1904-05-இல் பொறியாளர் ஓர்டெல் அகழ்ந்தபோது தூணின் அடி நட்ட இடத்திலேயே நின்றது. மேல்பகுதி துண்டு துண்டாகக் கிடந்தது. சிங்கத்தலை கிடைத்தது அப்போதுதான். சுமார் 2.1 மீட்டர் உயரம். பளபளப்பாக மெருகேற்றிய ஒரே மணற்கல். தலைக்கு மேல் ஒரு பெரிய சக்கரமும் இருந்தது. அதற்கு 32 ஆரங்கள். உடைந்த சில்லுகள்தாம் கிடைத்தன. சின்னத்தில் அது இல்லை. கொடிக்கு எடுத்தது சிங்கங்கள் நிற்கும் பீடத்தில் செதுக்கிய 24 ஆரச் சக்கரத்தை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு.

படம் வரைவோருக்கும் ஒரு வார்த்தை. சின்னத்தின் பீடத்தில் நடுவில் சக்கரம், பார்ப்பவருக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். நாலு சிங்கம் இருந்தும் தெரிவது மூன்றுதான். யானையும் இன்னொரு சிங்கமும் பீடத்தின் மறுபக்கம். அசல் கல்லில் அடியில் கவிழ்ந்த தாமரை உண்டு, சின்னத்தில் கிடையாது. 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்திலிருந்து வந்தது. தூணில் அதைத் தேடக் கூடாது. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் அதையே 'வாய்மையே வெல்லும்' என்று படிக்கிறோம்.

தூணில் உள்ளது வேறு: பௌத்தத் துறவியரின் சங்கத்தைப் பிளக்கும் துறவிக்கு வெள்ளாடை உடுத்தி வெளியே அனுப்பு என்கிற ஆணை. ஆக, நாடு தன் அடையாளமாக வைத்திருப்பது 1904-05 அகழ்வில் கிடைத்ததில் ஒரு பகுதி. எதை எடுப்பது, எதை விடுவது என்று 1947-50-இல் ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மாணவருக்கு இந்தத் தேர்வைச் சொல்ல அரைப் பக்கம் போதும்.

சிங்கத்தலை படத்துக்குப் பக்கத்தில், சாரநாத்தில் இன்றும் அதே இடத்தில் நிற்கும் உடைந்த அடித்தூணின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லியலும் வரலாறும் கற்பிப்போர்