தொப்பியில் ஒரு பச்சைத் தளிர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1778 பிப்ரவரியில் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ஸ்டோய்பன் வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வரும்வரை அமெரிக்கப் படைக்கு ஒழுங்கு என்றால் என்னவென்றே தெரியாது என்கிறார் கட்டுரையாளர். பள்ளியில் பல ஆண்டுகள் என்.சி.சி. பொறுப்பில் இருந்த எனக்கு இது நெருடுகிறது.

அதற்கு ஆறு மாதம் முன்பு, 1777 ஆகஸ்ட் 23 அன்று படைத்தலைவர் வாஷிங்டன் பிறப்பித்த ஆணையைப் பாருங்கள். மறுநாள் படை பிலடெல்பியா நகருக்குள் அணிவகுத்துப் போக வேண்டும். எந்தத் தெருவில் நுழைந்து எதில் திரும்புவது என்பதுவரை எழுதியிருக்கிறார். வரிசையை விட்டு விலகுகிறவனுக்கு, அடுத்து எங்கே நிற்கிறார்களோ அங்கேயே 39 கசையடி. சாமான் வண்டிகளும் முகாமுடன் வரும் பெண்களும் நகருக்குள் தலைகாட்டக் கூடாது. எல்லோருக்கும் சீருடை இல்லாத படை. ஆனால் தொப்பிதோறும் பச்சைத் தளிர். எனக்குப் பிடித்தது முரசுக்காரர்களுக்கான வரி. வேகநடை மெட்டை நிதானமாக வாசிக்க வேண்டுமாம். வீரர்கள் ஆடிக்கொண்டும் போகக் கூடாது, இசையைக் காதில் வாங்காமலும் போகக் கூடாது. இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது என்று ஒரு குட்டும் உண்டு. குடியரசு தினத்துக்கு முந்தைய மாலை, பேண்டு வாசிக்கும் பையன்களிடம் நானும் தொண்டை கட்டும்வரை இதையேதான் கத்தியிருக்கிறேன்.

ஆணை பலித்ததா என்பது வேறு கதை. அணிவகுப்பை நேரில் பார்த்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ், காலடி சேரவில்லை, தலை நிமிரவில்லை, தொப்பியை ஆளுக்கொரு விதமாக வைத்திருக்கிறார்கள் என்று மனைவிக்கு எழுதினார்.

சார்ஜண்டுகள் பாடு என்று அதிகாரிகள் ஒதுக்கிவைத்திருந்த பயிற்சியை, ஸ்டோய்பன் தாமே களத்தில் இறங்கிக் கொடுத்தார். மாற்றம் அங்கேதான். ஆங்கிலம் வராது, ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் திட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் திட்டும்படி உதவியாளரிடம் சொல்வாராம். 1779இல் வந்த அவருடைய விதிநூல் சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 75 காலடி, வேகநடைக்கு 120 என்று வரையறுத்தது. 'ஜெனரல்' என்ற முரசு கேட்டால் கூடாரத்தைப் பிரித்துப் புறப்படத் தயாராக வேண்டும். 'அசெம்பிளி' கேட்டால் கொடியருகே கூட வேண்டும்.

அன்று சுற்றுவழியில் அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. துணி துவைத்தவர்களும் நோயாளிகளைக் கவனித்தவர்களும் அவர்கள்தான். அடுத்த பகுதியில் அவர்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.